ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் கையோ காலோ இழந்தவருக்கு நீதிமன்றம் இத்தனை லட்சம் இழப்பீடு வழங்கியது என்ற செய்தி சேலம் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. தொகை தலைப்பிலேயே இருக்கும். அது எந்தக் கணக்கில் வந்தது என்று செய்தியில் ஒரு வரியும் இருக்காது. இதனால் டாக்டர் 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் 40 சதவீதத்துக்குப் பணம் வந்துவிடும் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். விபத்து வழக்குகளைப் பார்க்கும் எங்களிடம் வருகிறவர்களும் 'சர்டிபிகேட்டில் எவ்வளவு ஏற்றி வாங்கலாம்' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை: அடிபட்டவர் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தார், அதை எப்படி நிரூபிப்பது?

டாக்டர் சொல்வது உடம்பின் ஊனத்தை. வாகன விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் கணக்கிடுவது சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை. இரண்டும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாக்கிவிட்டது. இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அரசு அலுவலக எழுத்தராக இருந்து அதே வேலையில் தொடர்ந்தால் வருமான இழப்பே இல்லாமலும் போகலாம். இது அந்தத் தீர்ப்பிலேயே உள்ள உதாரணம். தீர்ப்பாயம் பார்க்க வேண்டிய வரிசையையும் அதே தீர்ப்பு சொல்கிறது. நிரந்தர ஊனத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது முதலில். விபத்துக்கு முன் இருந்த தொழில், அதன் தன்மை, வயது ஆகியவை அடுத்து. அதன் பிறகுதான், அவரால் எந்தப் பிழைப்பையும் பார்க்க முடியாதா, பழைய வேலையை அப்படியே தொடர முடியுமா, பழையதை விட்டு வேறு சிறிய வேலைக்குத்தான் போக முடியுமா என்ற முடிவு.

சேலத்துத் தொழில்களோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் வெள்ளிக் கொலுசு செய்கிறவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மூலதனம். கம்பியைப் பிடித்து வளைப்பது, பற்றவைப்பது, மணி கோர்ப்பது எல்லாமே அந்த இரண்டு விரல் பிடிமானத்தில் நடக்கிற வேலை. மருத்துவக் குழுவின் பார்வையில் கட்டைவிரல் இழப்பு ஒரு கையின் ஒரு பகுதி. பட்டறையில் அவருக்கு இனி வேலையே கிடையாது. லீ பஜார் சுமை தூக்கும் தொழிலாளிக்கு முதுகெலும்பு, சங்ககிரி லாரி டிரைவருக்கு வலது கணுக்கால், விசைத்தறிக்காரருக்கு அறுந்த இழையைப் பார்க்கிற கண். கணுக்கால் மடங்காத டிரைவருக்குச் சான்றிதழில் 20, 25 சதவீதம்தான் வரும். பிரேக்கை முழுதாக மிதிக்க முடியாதவரை எந்த உரிமையாளர் வண்டியில் ஏற்றுவார்?

கணக்கைப் போட்டுக் காட்டினால் இன்னும் தெளிவாகும். கொலுசுத் தொழிலாளி ஒருவருக்கு வயது 34, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழே என்பதால், பிரணய் சேத்தி வழக்கின் 2017 தீர்ப்புப்படி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 16,800 ஆகிறது. நிரந்தர ஊன வழக்குகளிலும் இந்த உயர்வு உண்டு என்று பப்பு தேவ் யாதவ் வழக்கில் 2020-ல் உறுதியாகிவிட்டது. ஆண்டுக்கு 2,01,600. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. பெருக்கினால் 32,25,600 ரூபாய். சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 9,67,680. 80 சதவீதம் என்று எடுத்தால் 25,80,480. காயம் அதே காயம், சான்றிதழும் அதே சான்றிதழ். வித்தியாசம் 16 லட்சத்துக்கு மேல். மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு எல்லாம் இதற்கு மேல் தனி. காயம்பட்டவர் உயிரோடு இருக்கும் வழக்கில், இறப்பு வழக்கில் செய்வதுபோல் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கக் கூடாது. இதையும் சிலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 80 சதவீதம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் விபத்து நடந்த அன்றே தீர்மானமாகிவிடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில் 'கூலி' என்று எழுதப்படுகிறது. முதல் தகவல் அறிக்கையிலும் அதே 'கூலி'. மூன்று ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி 'நான் கொலுசு பற்றவைப்பவன்' என்று சொன்னால், இன்சூரன்ஸ் வழக்கறிஞர் அந்த இரண்டு தாள்களையும் எடுத்து நீட்டுவார். கூலி வேலை என்றால் எந்த வேலையும் பார்க்கலாமே என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஆகவே உடன் போகிறவர் யாராக இருந்தாலும் தொழிலைத் துல்லியமாகச் சொல்லி எழுத வையுங்கள்: 'கனரக வாகன ஓட்டுநர்', 'விசைத்தறி நெசவு', 'ஜவ்வரிசி ஆலை அரவைப் பகுதி', 'மிளகு பறிப்பு'. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீசார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றும் அதில் உண்டு. அதைப் போலீஸ்காரரே நிரப்பட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

வருமானத்துக்கான ஆதாரம் அடுத்தது. வருமான வரிக் கணக்கு இருந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் விபத்துக்கு முன் தாக்கல் செய்ததாக இருக்க வேண்டும், பின்னால் அவசரமாகப் போட்ட கணக்கைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளி வாங்கிப் பொருளாகத் திருப்பிக் கொடுத்த எடைச் சீட்டுகள், வியாபாரி கூலி அனுப்பிய ஜிபே பதிவுகள், வங்கிப் பாஸ்புக், கூட்டுறவு சங்கத்தின் நெசவுக் கூலிப் புத்தகம், நல வாரிய அட்டை, அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டை, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் உதவும். நல வாரிய அட்டையின் பலன் வருமானத்தைக் காட்டுவதில் இல்லை. விபத்துக்கு முன் தேதியிட்ட அரசு ஆவணத்தில் தொழிலின் பெயர் இருப்பதில்தான்.

ஆதாரமே இல்லாவிட்டாலும் வழக்கு தோற்றுப்போகாது. 2008-ல் விபத்தில் சிக்கிக் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, ஆவணம் இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று சையத் சாதிக் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சம்பாதிக்கும் திறன் இழப்பையும் 85 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் ஆதாரம் இல்லாதபோது எந்தத் தொகையை எடுப்பது என்பது தீர்ப்பாயத்தின் கையில். மாதம் 20,000 சம்பாதித்தவர் அதில் பாதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டி வரலாம்.

சான்றிதழில் இரண்டு இடங்களில் வழக்குகள் சறுக்குகின்றன. 'இடது காலில் 45 சதவீதம்' என்று எழுதியிருந்தால் அது அந்தக் காலுக்கு மட்டுமான கணக்கு. முழு உடம்புக்கு என்று பார்த்தால் குறைந்துவிடும். எதைக் குறிக்கிறது என்று எழுதி வாங்காவிட்டால் எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, சிகிச்சையே கொடுக்காத டாக்டரிடம் போய் வாங்கும் ரெடிமேட் சான்றிதழ். அப்படிப்பட்டதை எச்சரிக்கையோடு அணுகச் சொல்லி ராஜ்குமார் தீர்ப்பே கூறுகிறது. சிகிச்சை அளித்த டாக்டரோ மருத்துவக் குழுவோ தருவதுதான் நிற்கும். ஏற்றி எழுதிய 70-ஐவிட, குறுக்கு விசாரணையைத் தாங்கும் 35 மேல்.

அந்த 35-ஐ எழுபதாகவோ எண்பதாகவோ மாற்றுகிற சாட்சி டாக்டர் அல்ல, சக தொழிலாளி. அதே பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கூண்டில் ஏற்றி, ஒரு ஜோடிக் கொலுசு எந்தெந்தக் கட்டங்களில் உருவாகிறது, எந்தக் கட்டத்துக்கு எந்த விரல் வேண்டும், கட்டைவிரல் இல்லாதவருக்கு ஏன் யாரும் வெள்ளி கொடுக்க மாட்டார்கள் என்று சொல்ல வைக்க வேண்டும். கையாளும் கருவியைக் கொண்டுவந்து காட்டுவது இன்னும் நல்லது. லாரி டிரைவர் என்றால், லைசென்ஸ் புதுப்பிக்கத் தேவையான மருத்துவச் சான்று, அதாவது படிவம் 1ஏ, அவருக்கு மறுக்கப்பட்டது என்பதை எழுத்துமூலம் வாங்கி வைக்க வேண்டும். வாய்வார்த்தையாக 'இனி ஓட்ட முடியாது' என்பதற்கு எடை கிடையாது.

இதுவரை சொன்னது சாலை விபத்து. வேலையிடத்தில் நடக்கும் விபத்துக்குச் சட்டமும் கணக்கும் வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த முறை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்கும் எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. இங்கே உறுப்பு இழப்புகளுக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பு எத்தனை சதவீதம் என்று பட்டியலே உண்டு. கட்டைவிரல் முழுவதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்கி, அதில் இந்தச் சதவீதத்தை எடுக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் ஊதிய உச்சவரம்பு 15,000. 30 வயதுத் தறித் தொழிலாளி கட்டைவிரலை இழந்தால்: 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820. அதில் 30 சதவீதம் 5,61,546 ரூபாய்.

பட்டியலில் உள்ள சதவீதமே முடிவு என்று எண்ணி இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்பதை 1975-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்பு இதை எடுத்து வைக்கலாம்.

ஏற்காடு எஸ்டேட்டுகளில் நடப்பது பெரும்பாலும் பட்டியலில் இல்லாத காயம். சவுக்கு மரத்தில் (மலையில் சில்வர் ஓக்கை அப்படித்தான் அழைக்கிறார்கள்) ஏறியிருக்கும் மிளகுக் கொடியிலிருந்து பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்தால் இடுப்பும் முதுகெலும்பும் அடிபடுகின்றன. பட்டியலில் இல்லாத காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பை மருத்துவரே மதிப்பிட்டுத் தர வேண்டும் என்பது சட்டம். சாலை விபத்து வழக்குக்கு நேர் எதிர். டாக்டர் வழக்கம்போல் 'ஊனம் 40 சதவீதம்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'சம்பாதிக்கும் திறன் இழப்பு இத்தனை சதவீதம்' என்ற வரி சான்றில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆணையரிடம் போனால் வழக்கு அங்கேயே முடங்கும்.

ஊதியக் கணக்கில் இன்னொரு சிக்கல். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் கிலோ கணக்கில் கூடுதல் பணம் வரும், மற்ற மாதங்களில் வராது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் முந்தைய 12 மாத மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மாத ஊதியம். எனவே பறிப்புக் கணக்கு எழுதிய சிட்டையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்களுக்கும் தோட்ட உரிமையாளர் பொறுப்பு உண்டு. 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்ற பதில் சட்டத்தில் நிற்காது. தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கும் பணம் இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாத ஊதியம் வரையிலான முன்பணத்தைத் தவிர, ஆணையரிடம் கட்டியது மட்டுமே கணக்கு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் பல சமரசங்கள் நடந்தே இருக்காது.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிர் வண்டியே இல்லாமல் தானாகக் கவிழும் சரக்கு வண்டி உண்டு. ஓட்டியவர் மீதே வழக்குப் பதிவாகும். தவறு தன்னுடையது என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் அவர் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் வேலையின்போது நடந்த விபத்து என்று தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம், அங்கே யார் தவறு என்ற கேள்வி அநேகமாக எழாது. இரண்டு வழியும் திறந்திருப்பவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 15,000 உச்சவரம்பு இருப்பதால், எதிர் வண்டி மீது தவறு இருந்தால் தீர்ப்பாயமே பெரும்பாலும் லாபம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குத் தொழிலாளர் இழப்பீடு கிடையாது. அங்கே மருத்துவக் குழு நிர்ணயிக்கும் இழப்பு விகிதத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் இதே அளவுகோல் தலைகீழாகத் திரும்புகிறது. ஜீவனாம்ச வழக்கில் கணவர் 'வேலை இல்லை, வருமானம் இல்லை' என்பார். உடல் ஆரோக்கியம் உள்ளவர் சம்பாதிக்கக் கூடியவரே என்பது ஷமீமா ஃபரூக்கி உள்ளிட்ட பல தீர்ப்புகளில் உறுதியான நிலைப்பாடு. அதற்காக, படித்த மனைவி என்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சம்பாதிக்கத் தகுதி இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் வேறு வேறு. ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் (2020) பின் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து வழக்கில் மாதம் 25,000 என்று சத்தியம் செய்தவர், ஜீவனாம்ச வழக்கில் 6,000 என்று சத்தியம் செய்தால் இரண்டு தாள்களும் ஒருநாள் ஒரே மேஜைக்கு வரும். வந்திருக்கின்றன.

இல்லத்தரசி இறந்தால் வருமானமே இல்லை என்று எடுக்கக் கூடாது என்பது 2021-ன் கீர்த்தி வழக்குத் தீர்ப்பு. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு, எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும். சேலத்தில் வீட்டு வேலைக்கு நடுவே மணி கோர்த்தும் பூக்கட்டியும் சம்பாதிக்கிற பெண்களுக்கு 'இல்லத்தரசி' என்று மட்டும் எழுதிவிடுவதால் அந்த வருமானம் கணக்கிலேயே வருவதில்லை.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் முழுதாகப் போனால் 1 லட்சம் தரும். கொலுசுக்காரரின் கட்டைவிரலுக்கு அதில் ஒன்றும் இல்லை. தனிநபர் விபத்துப் பாலிசிகளும் பெரும்பாலும் உறுப்புப் பட்டியலைத்தான் பார்க்கும், தொழிலைப் பார்க்காது. வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தில் உண்மையான தொழிலை எழுதுங்கள். 'வியாபாரம்' என்று பொதுவாக எழுதியது பிறகு மறுப்புக்குக் காரணமாகும்.

சாலை விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்வது பாதுகாப்பு. விபத்து கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் சேலத்தில் குடியிருப்பவர் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலேயே மனு போடலாம். கிடைத்த தொகை குறைவு என்றால் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. இழப்பீட்டுச் செய்தி போடும்போது தொகையோடு நான்கு விவரங்களைச் சேர்த்து வெளியிடுங்கள்: தீர்ப்பாயம் ஏற்ற மாத வருமானம், வயதுக்கான பெருக்கெண், டாக்டர் சொன்ன ஊனச் சதவீதம், தீர்ப்பாயம் ஏற்ற சம்பாதிக்கும் திறன் இழப்பு. அரசு மருத்துவமனை நிர்வாகமும் விபத்துப் பதிவேட்டில் தொழிலைக் கேட்டு விரிவாக எழுதும்படி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அறிவுறுத்தினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பணிபுரியும் வாசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.